மெதுவான வண்டி முதலில் கிளம்பட்டும்

பழைய கார் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து நெடும்பயணம் போவதென்று முடிவானால், முதல் வேலையாகக் கைபேசியில் வரைபடத்தைத் திறக்கிறார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பதினொன்று, பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறது அது. நடுவில் மதுரையில் ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்று அறையும் பதிவாகிவிடும். அதற்கப்புறம் பேச்செல்லாம் சட்டையில் என்ன அச்சடிப்பது, கொடியசைக்க யாரைக் கூப்பிடுவது என்பதைப் பற்றித்தான். வரைபடம் சொன்ன நேரம் இன்றைய காருக்கானது, அதுவும் தனியாகப் போகும் காருக்கானது. 1960-ல் செய்த ஓர் அம்பாசடருக்கும் அதன் பின்னால் வரும் ஒன்பது வண்டிகளுக்கும் அந்தக் கணக்கு உதவாது. இப்படிப்பட்ட பயணத்தின் திட்டத்தை, கூட்டத்திலேயே மெதுவான வண்டியை, எப்போது படுத்துவிடுமோ என்று சந்தேகப்பட வைக்கும் வண்டியை வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது என் வாதம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எந்தப் பாதை, எந்த மாதம், என்னென்ன உதிரிபாகம் எல்லாமே அங்கிருந்து தொடங்கட்டும். நல்ல வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டும். தட்டட்டும்.

இதற்கு மோட்டார் வரலாற்றின் தொடக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1907 ஜனவரியில் பாரிஸின் 'லு மத்தேன்' நாளிதழ், பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வர யாருக்காவது துணிச்சல் உண்டா என்று சவால் விட்டது. ஜூன் 10-ம் தேதி ஐந்து வண்டிகள் கிளம்பின: இத்தாலிய இளவரசர் போர்கேசேயின் பெரிய இட்டாலா, நெதர்லாந்தின் ஸ்பைக்கர், பத்துக் குதிரைத்திறன் கொண்ட இரண்டு டி டியோன்-பூட்டோன், ஆறு குதிரைத்திறனே இருந்த கோன்டால் என்னும் மூன்று சக்கர வண்டி. ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வோம் என்ற பேச்சு கிளம்பும்போது இருந்தது. கோபி பாலைவனத்தில் கோன்டாலுக்கு எரிபொருள் தீர்ந்தபோது மற்றவர்கள் முன்னே போயிருந்தார்கள். அதன் ஓட்டுநர் ஓகுஸ்த் போன்ஸும் கூட வந்தவரும் தண்ணீரின்றிச் சாகக் கிடந்து, அந்தப் பக்கத்து நாடோடிகளால் உயிர் பிழைத்தார்கள். வண்டி அங்கேயே நின்றுபோனது. மற்ற நான்கும் பாரிஸ் சேர்ந்தன. இதில் நான் அதிகம் மதிப்பது டி டியோன் ஜோடியைத்தான். இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தும். ஒன்றையொன்று விடாமல் வந்து, வென்றவருக்கு இருபது நாள் பிந்தி ஆகஸ்ட் 30-ல் ஊர் சேர்ந்தன. தனியாக விடப்பட்ட சிறிய வண்டி மட்டுமே போய்ச் சேரவில்லை.

போர்கேசே யாருக்காகவும் காத்திருக்கவில்லையே, ஆகஸ்ட் 10-லேயே வந்து வென்றாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடையது பந்தயம், நாம் பேசுவது கூட்டுப் பயணம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அவருடைய வெற்றியைக் கிட்டப் போய்ப் பார்த்தாலும் வேகம் அதில் சிறு பங்குதான். பீக்கிங்குக்கு வடக்கே உள்ள மலைக் கணவாய்களில் அவர் முன்கூட்டியே குதிரையில் போய், காரின் அகலத்துக்கு வெட்டிய மூங்கில் கழியால் பாதையை அளந்து பார்த்தார். எரிபொருளும் டயரும் வழியெங்கும் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தன. சைபீரியாவில் பாலம் உடைந்து கார் கீழே விழுந்தது, சக்கரம் நொறுங்கியது. அதற்கெல்லாம் அவரிடம் நாள் மிச்சம் இருந்தது. ஏறத்தாழ 15,000 கிலோமீட்டரை 62 நாளில் கடந்தார் என்றால் சராசரி நாளொன்றுக்கு 240 கிலோமீட்டர்தான். 1968-ல் நடந்த லண்டன்-சிட்னி மாரத்தானும் இதே பக்கம்தான் சாய்கிறது. 98 கார்கள் கிளம்பி, ஐரோப்பாவும் ஆசியாவும் கடந்து பம்பாய்க்கு 72 வந்தன. அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா போய், சிட்னியைத் தொட்டவை 56. முன்னணியில் இருந்த சிட்ரோயன் முடிவிடம் நெருங்கிய நேரத்தில் எதிரே வந்த காரில் மோதிச் சிதைந்தது. கோப்பை ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய ஹில்மேன் ஹன்டருக்குப் போனது. சாதாரணக் குடும்பத்துக் கார் அது.

வரலாறு வேண்டாம், கணக்கே போதும் என்பவர்களுக்கு இதோ கணக்கு. நன்றாகப் பராமரித்த பழைய கார் ஒரு நாள் ஓட்டத்தில் மக்கர் செய்வதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம்தான், தாராளமான அனுமானமும்கூட. பத்துக் கார் போனால், ஒன்றுகூட நிற்காத நாள் அமைய ஐந்தில் மூன்று வாய்ப்பே உண்டு. நான்கு நாள் பயணத்தில் ஒரு வண்டியும் நிற்காமல் ஊர் போய்ச் சேர்வதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். அப்படியென்றால் வண்டி நிற்பதை விபத்தாகக் கருதக் கூடாது, சாப்பாட்டு நேரத்தைப் போல அதற்கும் அட்டவணையில் இடம் வேண்டும். பெட்ரோல் பங்கில் பத்து வண்டிக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே ஐம்பது நிமிடம் போய்விடுகிறது. டீ, கழிப்பறை, ரேடியேட்டரில் தண்ணீர், கூடிவிடும் கூட்டத்தின் செல்ஃபி என்று எல்லாவற்றையும் சேர்த்தால், நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடுவது சரியாகத் தோன்றவில்லை. கன்னியாகுமரிக்கு நான்கு நாள்.

'அப்படியானால் நல்ல காரும் ஊர்ந்துதான் போக வேண்டுமா?' என்பது அடுத்த ஆட்சேபம். வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நடக்கும் லண்டன்-பிரைட்டன் ஓட்டத்தில், 1905-க்கு முன் செய்த கார்கள் விடியும் நேரத்தில் ஹைட் பார்க்கிலிருந்து புறப்படுகின்றன. அங்கே வயதில் மூத்த கார் முதலில் கிளம்பும். மரியாதைக்காகச் செய்வதுபோலத் தெரியும் இந்த ஏற்பாட்டில் நல்ல தந்திரம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. மெதுவான வண்டி முன்னே போனால், வழியில் அது நின்றாலும் பின்னால் வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும். உதவி எப்போதும் பின்னாலிருந்து வரும். யாரும் திரும்பி ஓட்டி வர வேண்டாம். மெக்கானிக் இருக்கும் வண்டி கடைசியில் வரட்டும். ஐந்து மணிக்கு ஆஸ்டினும் மோரிஸும், ஐந்தே முக்காலுக்கு பத்மினியும் அம்பாசடரும், ஆறரைக்கு கான்டெசா என்று விட்டால், காலைச் சிற்றுண்டிக்கு எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இலை முன்னால் உட்காரலாம். பத்து வண்டியும் ஒட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போவது புகைப்படத்துக்கு அழகு. பின்னால் வரும் பேருந்து முந்த முடியாமல் தவிப்பதால் சாலைக்கு ஆபத்து. கூடவே ஒரு விதி: திருப்பம் வரும் இடத்தில் முன்னே போகிறவர் நின்று, தனக்கு அடுத்த வண்டி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும்.

பின்னாலேயே ஒரு டோயிங் லாரியை வரச்சொன்னால் இத்தனை கவலை எதற்கு என்பார்கள். லாரி வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு காரைத்தான் ஏற்றும். இரண்டாவது கார் நிற்கும்போது முதல் கார் அதன் முதுகில் இருக்கும். லாரி இருக்கிறது என்ற தைரியத்தில் வீல் சிலிண்டர் கசிவதைப் பார்க்காமல் கிளம்புவது இன்னும் மோசம். தொடக்ககால அம்பாசடர், பத்மினி இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பெடல் இருந்தும் பிடி இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதனால்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளுக்குப் பின் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை வந்தது. பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். இவற்றையெல்லாம் பாதை குறிக்கும்போதே பார்க்காமல் அடிவாரத்தில் போய்த் தெரிந்துகொள்ளும் குழுக்களும் உண்டு.

வேகம் பற்றிய ஆட்சேபத்தில் மட்டும் முழு உண்மை இருக்கிறது. நான்கு வழிச்சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வேகம் அனுமதி. அங்கே 55-ல் போகும் பழைய கார், லாரிக்கும் இடைஞ்சல், தனக்கும் ஆபத்து. பின்விளக்கு மங்கல், சீட் பெல்ட் கிடையாது. மெதுவாகப் போவது பாதுகாப்பு என்ற நினைப்பு அங்கே செல்லாது. ஆகவே மாற்ற வேண்டியது பாதையை. புறவழிச்சாலைகள் வந்தபின் பல இடங்களில் பழைய ஊர்ச்சாலைகளில் லாரி குறைந்துவிட்டது. டெல்டாவில் சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய சாலை போன்றவற்றில் 50 கிலோமீட்டர் வேகமே இயல்பான வேகம். வழியில் ஊர்களும் உண்டு, ஒட்டுப்போடக் கடைகளும் உண்டு. டைனமோ வண்டிகளின் விளக்கு, என்ஜின் மெதுவாக ஓடும்போது மங்கிவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் ஓட்டம் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறாத ஜனவரி, பிப்ரவரியே நமக்கு ஏற்ற மாதங்கள், பொங்கல் நெரிசலை மட்டும் தவிர்த்துவிட்டு. அப்போதும் காலை ஐந்துக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் பெரும்பகுதி தூரத்தை முடித்துவிட வேண்டும். சூட்டில் எரிபொருள் பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே பெட்ரோல் ஆவியாகி என்ஜின் நின்றால், பம்ப் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். அந்த அரை மணியைத் தவிர்க்கத்தான் இந்த விடியற்காலை.

எரிபொருள் விஷயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் ஓஸ், டயஃப்ரம், கார்க் கேஸ்கட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி, இளகி, கசியும். டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்திருக்கும் அழுக்கையும் அது கிளப்பிவிடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஓஸ்களை மாற்றி, ஃபில்டர் நான்கைந்து வாங்கி வைத்து, இதே பெட்ரோலில் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காத வண்டியைக் குழுவில் சேர்க்கக் கூடாது. பாயின்ட், கண்டென்சர், காயில், ஃபேன் பெல்ட், வீல் சிலிண்டர் கிட் எல்லாவற்றையும் எல்லோரும் சுமக்க வேண்டியதில்லை. மூன்று அம்பாசடர் இருந்தால் அவற்றுக்கு ஒரே பெட்டி போதும். அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் வழியில் ஏதாவது ஒரு பட்டறையில் பாகம் கிடைக்கலாம். 1930-களின் ஆஸ்டினுக்குக் கிடைக்காது. பெட்டியில் அதிக இடம் அந்த ஆஸ்டினுக்கே போக வேண்டும்.

காகித வேலையும் உண்டு. 50 வயது கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். எனவே யார் வண்டி எந்தப் பதிவில் இருக்கிறது, காப்பீடு இந்தப் பயணத்துக்குச் செல்லுமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு, உங்கள் குழுவில் மிகப் பழைய, மிக மெதுவான வண்டி யாருடையதோ அவரிடம் திட்டத்தைக் கொடுத்து, அவர் கையாலேயே தூரங்களைத் திருத்தச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு அறைகளைப் பதிவு செய்யலாம்.