கூடி வாழும் சிறுமீன்கள்

உயிரினங்களுள் தனித்து வாழ்வனவும் உண்டு. கூடி வாழ்வனவும் உண்டு. புள்ளிமான்கள் நிரையாகத் திரிதல் போலவே, சிறுமீன்கள் பல திரளாக நீந்தும் இயல்பின. அவற்றுள் ஒன்று வரிக்குதிரை மீன். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடைய இம்மீனின் மேனியில், நீலக் கோடுகள் செவுளின் அருகே தொடங்கி வால் வரையில் ஓடும். இந்தியா, வங்காள தேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் ஆழமற்ற ஓடைகளும் வயல்நீரும் இதன் உறைவிடங்கள். கங்கையாற்று மீன்களைப் பற்றிப் பிரான்சிஸ் ஆமில்டன் 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இது விளக்கப்பட்டுள்ளது.

இம்மீன்கள் கூடி வாழ்வதற்குக் காரணம் யாது? பகை வருவதைப் பல கண்கள் விரைந்து காணும். பல மீன்கள் ஒருங்கே திரும்பிப் பாயுங்கால், பகைமீன் எதைப் பற்றுவது என்று அறியாது மயங்கும். கண்ணோடு, உடலின் பக்கத்தில் அமைந்த உணர்கோடும் அருகிலுள்ள மீனின் அசைவை நீரதிர்வால் அறிந்து உணர்த்தும். ஆதலின், தனியே விடப்பட்ட மீன் அஞ்சி ஒடுங்கும், இரையையும் வெறுக்கும். இரண்டு மூன்று மட்டும் இருப்பின், வலியது எளியதைத் துரத்தி வருத்தும். குறைந்தது ஆறு மீன்களையேனும் ஒருங்கே வளர்த்தல் வேண்டும்.

விரைந்து நீந்தும் இம்மீன்களுக்கு உயரத்தினும் நீளமே மிகுதியாக வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடைய கண்ணாடித் தொட்டி ஏற்றது. அது சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும்; நீரின் எடை மட்டுமே 50 கிலோகிராம் ஆதலின், உறுதியான மேசைமீது வைத்தல் வேண்டும். வெயில் நேரே படின் நீர் சூடேறும், பாசியும் படரும். இவை துள்ளும் இயல்பின ஆதலின் மூடி இன்றியமையாதது.

புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீன்களை விட்டு, சில நாட்களில் அவை ஒவ்வொன்றாக மடியக் கண்டு வருந்துவோர் பலர். “நீர் தெளிவாகத்தானே இருந்தது!” என்பர். தெளிவு வேறு, தூய்மை வேறு. மீன் கழிவினின்றும் எஞ்சிய இரையினின்றும் அமோனியா என்னும் நஞ்சு தோன்றும். அது கண்ணுக்குப் புலனாகாது, செவுளைக் கெடுக்கும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டு ஆக்கும், அதுவும் நஞ்சே. வேறு வகையின அதனைக் கேடு குறைந்த நைட்ரேட்டு ஆக்கும். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் பரற்கற்களிலும் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாது, நாள்தோறும் சிட்டிகை இரை மட்டும் இட்டு, வடிகட்டியை இயக்கிக் காத்திருத்தலே அறிவுடைமை. பின்னர் வடிகட்டியைக் குழாய் நீரால் கழுவுதலும் தவறு. அந்நீரிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியினின்று எடுத்த நீரில் அலசுதலே முறை.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுதல் நன்று. குழாய் நீரைத் திறந்த கலத்தில் ஒருநாள் வைத்தால் குளோரின் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அதனை முறிக்கும் மருந்து இடல் வேண்டும். இரையை நாளொன்றுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே தருக. மிகுதியாக இடும் இரை அன்பின் அடையாளம் அன்று, நஞ்சின் வித்து.

இச்சிறுமீன் மருத்துவ அறிவியலுக்கும் துணை செய்கின்றது. இதன் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை அகற்றினும் அது மீள வளர்கின்றது என்பதை ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனித மரபணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதிற்கு இம்மீனிடத்தும் இணை உண்டு என்பது 2013ஆம் ஆண்டில் தெரியவந்தது.

வளர்க்க இயலாத மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடுதல் தகாது. அயலிடத்து மீன்களும் நோய்களும் அந்நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்யும். அவற்றை வளர்க்க வல்லாரிடம் ஒப்படைத்தலே கடமை. ஓடையில் வாழும் மீன் தன் நீர் கெட்டால் வேறிடம் நாடும். தொட்டியில் வாழும் மீனுக்கோ போக்கிடம் இல்லை. அதன் உலகம் முழுதும் வளர்ப்போர் கையில் உள்ளது. ஆதலின், அன்பு மட்டும் போதாது. அறிந்து செய்யும் அன்பே உயிர் காக்கும்.