சிறுமிக்குக் கொடுத்த சத்துணவு பேரப்பிள்ளை வரை சென்றது

தாயின் போசாக்கைப் பற்றியும் பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றியும் பேசும்போது நாம் 'குழந்தை' என்று பொதுவாகவே சொல்லிவிடுகிறோம். அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆனால் தாய்க்குக் கிடைக்கும் உணவும், கிடைக்காமற் போகும் உணவும் ஆண் குழந்தையிலும் பெண் குழந்தையிலும் ஒரே விதமாகப் பலன் காட்டுவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வது, வீட்டில் உணவு பகிரப்படும் முறையை நாம் மீண்டும் சிந்தித்துப் பார்க்க உதவும்.

ஆண் சிசு பலமானதா?

தாயின் வயிற்றிலேயே ஆண் சிசு சற்று வேகமாக வளர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளின்படி, பிறக்கும்போது ஆண் குழந்தையின் நடுத்தர நிறை 3.3 கிலோகிராம், பெண் குழந்தையின் நிறை 3.2 கிலோகிராம். ஒரு வயதில் இவை முறையே 9.6, 8.9 ஆகின்றன. இரு பாலாருக்கும் தனித்தனி வளர்ச்சி வரைபடங்கள் இருப்பது இதனாலேயே. அக்காவின் நிறையோடு தம்பியின் நிறையை ஒப்பிட்டு 'இவன் பரவாயில்லை' என்று திருப்திப்படுவது சரியல்ல.

வேகமாக வளரும் சிசுவுக்குத் தேவையும் அதிகம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கர்ப்பிணிப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் சிசுவைச் சுமந்தோர் மற்றையோரைவிட ஏறத்தாழ 10 வீதம் கூடுதலான சக்தி தரும் உணவை உண்டமை தெரியவந்தது. உணவு தாராளமாக உள்ள இடத்தில் தாய் கூடுதலாக உண்ணலாம். இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சகாராவுக்குத் தெற்கேயுள்ள 10 ஆபிரிக்க நாடுகளின் 16 கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளில் 40 வீதத்தினரும் பெண் பிள்ளைகளில் 36 வீதத்தினரும் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். மிக வறிய வீடுகளிலேயே இந்த இடைவெளி கூடுதலாகக் காணப்பட்டது.

அப்படியானால் ஆண் பிள்ளைக்கே கூடுதலாக ஊட்ட வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறான முடிவு என்பதை மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் அனுபவம் காட்டுகிறது.

நான்கு கிராமங்கள்

1969 முதல் 1977 வரை அந்நாட்டின் நான்கு கிராமங்களில் ஒரு சத்துணவுத் திட்டம் நடைபெற்றது. இரண்டு கிராமங்களில் பால்மாவும் தாவரப் புரதமும் சேர்ந்த 'அத்தோலே' என்ற கஞ்சி வழங்கப்பட்டது. ஏனைய இரண்டில் 'பிரெஸ்கோ' என்ற, புரதமே இல்லாத இனிப்புப் பானம் வழங்கப்பட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என எல்லோரும் நாளுக்கு இருமுறை வந்து அருந்தலாம். இலவச வைத்திய வசதி நான்கு கிராமங்களுக்கும் இருந்தது.

கஞ்சி கிடைத்த கிராமங்களில் ஆணும் பெண்ணும் சிறு வயதில் நன்கு வளர்ந்தனர். அவர்கள் பெரியவர்களான பின் ஆய்வாளர் மீண்டும் தேடிச் சென்றனர். முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணித்தியாலக் கூலி சராசரியாக 46 வீதம் உயர்ந்திருந்தது. மூன்று வயதுக்குப் பின்னர் மட்டும் பெற்றவர்களில் இவ்வுயர்வு காணப்படவில்லை. பெண்களின் கூலியில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தனர்.

மிக முக்கியமான முடிவு 2009இல் வெளிவந்தது. சிறுமிகளாகக் கஞ்சி குடித்த பெண்கள் பெற்ற பிள்ளைகளின் பிறப்பு நிறை, மற்றக் கிராமத்துப் பெண்களின் பிள்ளைகளைவிட 116 கிராம் கூடுதலாக இருந்தது. அப்பிள்ளைகள் 1.3 சென்ரிமீற்றர் உயரமாகவும் இருந்தனர். சிறுவர்களாகக் கஞ்சி குடித்த ஆண்களின் பிள்ளைகளில் இத்தகைய பலன் தென்படவில்லை. ஆண் பிள்ளைக்குக் கொடுத்த உணவு அவனது உழைப்பை வளர்த்தது. பெண் பிள்ளைக்குக் கொடுத்த உணவோ அவளது உடலையும், பின்னர் அவள் வயிற்றில் வளர்ந்த மகனையும் மகளையும் சேர்த்து வளர்த்தது.

எமது வீடுகளில்

எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் எமது கிராமங்களில் இன்னும் பல வீடுகளில் உண்டு. மீன் துண்டு தகப்பனுக்கும் மகனுக்கும் போக, மகளுக்குக் குழம்பு மட்டும் எஞ்சுவதும் உண்டு. மகனை நல்ல நிலையில் வளர்க்க விரும்பும் குடும்பம், அவன் பிறக்குமுன்பே அவனது தாய்க்கு ஊட்டியிருக்க வேண்டும். அத்தாய் சிறுமியாக இருந்தபோதே அவளுக்கு ஊட்டியிருக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பருப்பு, பயறு, கௌப்பி, நெத்தலி, முட்டை, முருங்கையிலை ஆகியன எமக்குப் பழக்கமானவையே. கிளினிக்கில் கர்ப்பிணிக்குத் தரும் திரிபோஷாவை வீட்டார் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளாமல் அவளுக்கே விட்டுவைப்போம். இரண்டு வயது வரை மகனையும் மகளையும் மாதந்தோறும் நிறுத்து, அவரவர் வரைபடத்தில் குறிக்கச் செய்வோம். வளரும் மகளுக்கும் மகனுக்குச் சமமாக மீனும் முட்டையும் பரிமாறுவோம்.

மாதர் சங்கக் கூட்டங்களில் பேசுவதோடு இது நின்றுவிடக்கூடாது. சோறு பகிரப்படும்போது யாருக்கு என்ன விழுகிறது என்பதைத் தகப்பன்மாரும் மாமிமாரும் கவனிக்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறையின் வளர்ச்சிக்கு இன்றே வழி செய்தவர்களாவோம்.