விண்கல்லும் விண்கலமும்

ஒரு குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். 'நாளை இக்குளத்தில் வலை வீசுவோம்' என்று வலைஞர் பேசியது காதில் விழுந்ததும், 'வருமுன் காப்போன்' என்னும் மீன் அன்றே வாய்க்கால் வழியாக வேறு நீர்நிலைக்குச் சென்றுவிட்டது. 'வருங்கால் காப்போன்' வலையில் அகப்பட்டபின் செத்ததுபோலக் கிடந்து ஒருவாறு தப்பியது. 'வந்தபின் காப்போன்' உயிரிழந்தது. மூன்றற்கும் நேர்ந்த இடர் ஒன்றே; அதனை எதிர்கொண்ட முறையே வேறு. நாம் வாழும் இந்நிலவுலகமும் விண்வெளி என்னும் பெருங்குளத்தில் நீந்தும் ஒரு மீன் போன்றது. அதற்கும் இடையிடையே இடர் வருவதுண்டு. அவ்விடர் வருமுன்னரே தன்னையும் தன் உலகையும் காத்துக்கொள்ள மனிதன் அண்மையில் செய்த முதல் முயற்சியை இப்பாடத்தில் காண்போம்.

ஞாயிற்றைச் சுற்றி வருவன நிலவுலகம் முதலிய எட்டுக் கோள்கள் மட்டும் அல்ல. பெரிய மாளிகை ஒன்றைக் கட்டி முடித்தபின் உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் சுற்றிலும் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் கோள்கள் உருவான காலத்தில் எஞ்சிய பாறைகள் எண்ணிறந்தவை விண்வெளியில் உலவுகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்பர். 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், இத்தாலியப் பகுதியான பாலெர்மோ நகரில் பியாசி என்னும் வானநூலறிஞர் சீரிஸ் என்பதைக் கண்டறிந்தார். இவ்வினத்துள் முதன்முதல் கண்ணுக்குப் புலப்பட்டது அதுவே. சிறுகோள்களுள் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் தங்கள் வழியே சுற்றுகின்றன. சிலவோ வழி மாறி, நிலவுலகம் செல்லும் பாதைக்கு அருகிலும், அதனைக் குறுக்கிட்டும் செல்கின்றன. நம் கவலைக்கு உரியவை இவையே.

இரவில் வானத்தில் ஓர் ஒளிக்கோடு தோன்றி மறையும்போது, 'விண்மீன் விழுகிறது' என்று சொல்லுகிறோம். உண்மையில் விழுவது விண்மீன் அன்று. மணலளவோ பருக்கைக்கல் அளவோ உள்ள துகள் ஒன்று பெருவிரைவோடு காற்று மண்டலத்தில் புகுந்து, கொதித்து ஒளிவிட்டு அழிகிறது. இத்தகையவற்றால் நமக்குத் தீங்கு இல்லை. காற்று மண்டலம் ஒரு கவசமாக நின்று நம்மைக் காக்கிறது. ஆனால், கல் பெரிதானால் அக்கவசம் தாங்குவதில்லை.

அதற்குச் சான்று வேண்டுவோர் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டு மகாராட்டிர மாநிலத்தில் உள்ள லோனார் ஏரி, கரும்பாறை நிலத்தில் விண்கல் விழுந்து குடைந்த வட்டப் பள்ளமே ஆகும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். இன்னும் பெரியதோர் அழிவு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டுப் பகுதியில் மோதியது. எழுந்த புழுதியும் புகையும் கதிரொளியை மறைத்தன, பயிர்கள் கருகின, டைனோசர் என்னும் பெருவிலங்குகளோடு மற்றும் பல உயிரினங்கள் அழிந்தன. இரிடியம் என்னும் அரிய உலோகம் அக்காலத்து மண்ணடுக்கில் மிகுந்திருப்பதை 1980-ஆம் ஆண்டில் லூயி ஆல்வாரெசும் அவர்தம் மைந்தர் வால்ட்டர் ஆல்வாரெசும் உடன் ஆய்ந்தோரும் எடுத்துக்காட்டி, இவ்வழிவின் காரணத்தை உலகுக்கு உணர்த்தினர்.

இவை பழங்கதைகள் என்று எண்ணி அமைதல் கூடாது. 1908-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள், சைபீரியாவில் துங்குசுகா ஆற்றின் அருகே வானில் ஒரு விண்பொருள் வெடித்தது. 2,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு தரையோடு சாய்ந்தது. மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் மேல் அஃது வெடித்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய கேட்டை நினைத்தாலே நெஞ்சம் நடுங்கும்.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் காலை, உருசிய நாட்டுச் செல்யாபின்சுக்கு நகரத்தார் வானில் கண் கூசும் பேரொளியைக் கண்டனர். வியப்பினால் பலர் சன்னல் ஓரம் ஓடி நின்றனர். ஒளி விரைந்து வரும். ஓசையும் அதிர்ச்சியும் பிந்தியே வரும். இதனை அவர்கள் அறிந்திலர். சற்று நேரத்தில் அதிர்ச்சி அலை வந்து மோத, கண்ணாடிகள் நொறுங்கிச் சிதறின. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அந்நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர், ஒளியைக் கண்டதும் தம் வகுப்பிலிருந்த 44 மாணவரையும் மேசைகளின் கீழ்ப் பதுங்கச் செய்தார். தாமோ நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடித் துண்டுபட்டு அவர் கை வெட்டுண்டது. மாணவர் ஒருவருக்கும் தீங்கில்லை. அன்று வெடித்த கல்லின் அகலம் 20 மீட்டர் அளவே. ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால், அதன் வருகையை எந்தத் தொலைநோக்கியும் முன்னறிந்து கூறவில்லை.

இத்தகைய கல் ஒன்று நம்மை நோக்கி வருவதாக முன்கூட்டியே தெரிந்தால் யாது செய்வது? வெடி வைத்துத் தகர்த்தல் எளிது என்று தோன்றும். ஆனால், தகர்ந்த துண்டுகள் பலவும் அதே வழியில் வந்தால் ஓர் இடர் பல இடராகும். ஆதலால், தகர்ப்பதைவிட வழியினின்று சற்றே விலக்குவது நன்று என்பது அறிஞர் பலர் கருத்து. மலை போன்ற பாறையை விலக்க இயலுமா என்று ஐயுற வேண்டா. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் விரைவை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே மாற்றுவதாகக் கொள்வோம். ஓர் ஆண்டிற்கு ஏறத்தாழ 3 கோடியே 15 இலட்சம் நொடிகள். வேறு விளைவுகளைக் கருதாது எளிய முறையில் கணக்கிட்டாலும், ஓராண்டில் அக்கல் தான் இருக்க வேண்டிய இடத்தினின்று 315 கிலோமீட்டர் விலகியிருக்கும். இருபது ஆண்டுகளில் 6,300 கிலோமீட்டர் விலகியிருக்கும். இந்நிலவுலகின் நடுவிலிருந்து மேற்பரப்பு வரையுள்ள தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே, நம்மைத் தாக்கவிருந்த கல் நம்மைக் கடந்து போய்விடும். வேண்டுவது பெரும் வலிமை அன்று, காலமே. ஓராண்டுக்கு முன் தள்ளுவதற்கும் இருபது ஆண்டுக்கு முன் தள்ளுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இக்கணக்கு ஏட்டில் சரிதான், செயலில் சரியாகுமா? இதனைச் சோதிக்கவே அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 'டார்ட்' என்னும் விண்கலத்தை 2021-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் அனுப்பியது. அதற்கு இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஓர் இணை. ஏறத்தாழ 780 மீட்டர் குறுக்களவுள்ள டிடிமோஸ் என்னும் சிறுகோளை, 150 மீட்டர் அளவுள்ள டைமார்போஸ் என்னும் சிறுதுணை, நிலவைப் போலச் சுற்றி வந்தது. ஒரு சுற்றுக்கு அஃது எடுத்துக்கொண்ட காலம் 11 மணி 55 நிமிடம். இவ்விணையால் நிலவுலகுக்கு எவ்வித இடரும் இல்லை. ஆராய்ச்சி பிழைபட்டாலும் தீங்கு நேராத பொருளையே அறிஞர் தேர்ந்தனர் என்பது நாம் உணர்ந்து போற்றத்தக்கது.

இவ்விணையைத் தேர்ந்ததற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. தனித்துச் செல்லும் கல்லின் விரைவில் உண்டாகும் நுண்ணிய மாறுதலை அளக்க ஆண்டுகள் பல ஆகும். ஆனால், ஒன்றையொன்று சுற்றும் இணையில் அம்மாறுதல் கடிகாரத்தில் தெரிவதுபோல் விரைவில் தெரிந்துவிடும். மிகத் தொலைவில் இருப்பதால், தொலைநோக்கியில் இவ்விரண்டும் ஒரே ஒளிப்புள்ளியாகவே தோன்றும். சிறியது பெரியதன் முன்னே செல்லும்போதும், பின்னே மறையும்போதும் அப்புள்ளியின் ஒளி சற்றுக் குறையும். ஒளி குறையும் நேரங்களைக் குறித்து வந்தால், சுற்றும் காலம் தெளிவாகும்.

பத்துத் திங்கள் பயணம் செய்தபின், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கலம் தன் இலக்கை நெருங்கியது. நம் நாட்டில் அப்போது 27-ஆம் நாள் விடியற்காலை. அவ்விடம் நமக்கு 1 கோடியே 10 இலட்சம் கிலோமீட்டர் அப்பால் இருந்தது. அங்கிருந்து செய்தி வந்து சேரவும், நாம் ஆணையிட்டு அது சென்று சேரவும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் செல்லும் கலத்தை அங்ஙனம் கைப்பிடித்து நடத்த இயலாது. ஆதலால், இறுதி நான்கு மணி நேரம் கலம் தன் ஒளிப்படக் கருவியையே கண்ணாகக் கொண்டு, தானே வழி கண்டு சென்றது. முதலில் ஒரு புள்ளி. பின்னர் இரு புள்ளிகள். பின்னர்க் கற்குவியல் நிறைந்த முகடு. பின்னர்த் தனித்தனிக் கற்கள். இறுதிப் படம் முழுவதும் வந்து சேரவில்லை. அதனை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கலம் மோதி அழிந்தது. பதினைந்து நாட்களுக்கு முன் அதினின்று பிரிந்து பின்தொடர்ந்த இத்தாலி நாட்டுச் சிறுகலம் ஒன்று, மோதலின் பின் எழுந்த புழுதியைப் படம் பிடித்து அனுப்பியது.

ஏறத்தாழ 580 கிலோகிராம் எடையுள்ள கலம், பல நூறு கோடி கிலோகிராம் எடையுள்ள பாறையை அசைத்ததா? சுற்றும் காலம் 73 நொடி மாறினாலே வெற்றி என்று முன்னரே வரையறுத்திருந்தனர். உலகின் பல பகுதிகளிலிருந்தும் தொலைநோக்கிகள் அவ்வொளிப்புள்ளியைக் கண்காணித்தன. அக்டோபர் 11-ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. சுற்றும் காலம் 32 நிமிடம் குறைந்திருந்தது! பின்னர் நுட்பமாக ஆராய்ந்தபோது 33 நிமிடம் என்று கண்டனர். வானில் இயற்கையாக இயங்கும் ஒரு பொருளின் போக்கை மனிதன் வேண்டுமென்றே மாற்றி, அதனை அளந்தும் அறிந்தது வரலாற்றில் இதுவே முதல் முறை.

காலம் ஏன் குறைந்தது? கலம் டைமார்போசை எதிர்முகமாகத் தாக்கியது. அதனால் அதன் விரைவு தணிந்தது. விரைவு தணியவே அது டிடிமோசை நோக்கிச் சற்று நெருங்கியது. நெருங்கவே சுற்றுப்பாதை சுருங்கியது. பாதை சுருங்கவே காலமும் குறுகியது. எதிர்பார்த்ததைவிட மாறுதல் மிகுந்ததற்கும் காரணம் உண்டு. தோணியில் நிற்பவன் கனமான மூட்டை ஒன்றைப் பின்புறமாக வீசினால் தோணி முன்னோக்கி நகர்வதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல, மோதலால் பெயர்ந்த கல்லும் மண்ணும் கலம் வந்த திசை நோக்கித் தெறித்தன. அவ்வாறு தெறித்தபோது அவை பாறையை எதிர்த்திசையில் தள்ளின. ஆகவே, மோதலால் மட்டும் கிடைக்கக்கூடிய உந்துதலைவிடச் சில மடங்கு உந்துதல் கிடைத்தது.

எனினும், இவ்வொரு வெற்றியைக் கொண்டு அச்சம் நீங்கிற்று என்று கூறலாகாது. ஒவ்வொரு சிறுகோளும் ஒவ்வோர் இயல்பினது. ஒன்று கெட்டிப் பாறை, மற்றொன்று தளர்ந்த கற்குவியல். டைமார்போசின் எடையையும் மோதலால் அதற்கு நேர்ந்த உருமாற்றத்தையும் அருகிருந்து ஆராயும்பொருட்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் 'ஹீரா' என்னும் கலத்தைச் செலுத்தியது. இவையனைத்தினும் முதற்கண் வேண்டுவது, வரும் கல்லைக் காலத்தோடு காண்பது. நிலவுலகின் அருகே வருவனவாக 30,000-க்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கணக்கெடுத்துள்ளனர். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றுள் பெரும்பாலானவை தெரிந்துவிட்டன. ஆனால், ஒரு நகரத்தையோ அதனைச் சூழ்ந்த நாட்டுப்பகுதியையோ அழிக்கவல்ல 140 மீட்டர் அளவினவற்றுள் பாதிக்கு மேல் இன்னும் கண்டறியப்பட வேண்டியவை என மதிப்பிட்டுள்ளனர்.

கண்டறிந்தபின் பொறுமையும் வேண்டும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டது. அதற்கு '2024 ஒய்.ஆர்.4' என்று பெயரிட்டனர். அது 2032-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நிலவுலகின்மீது மோதக்கூடும் என்னும் வாய்ப்பு, நாளடைவில் நூற்றுக்கு மூன்று வரை உயர்ந்தது. பலர் கலங்கினர். வானநூலறிஞரோ கலங்காமல் மேலும் அளந்தனர். அளவைகள் பெருகப் பெருகப் பாதை தெளிவாயிற்று; 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முடிவதற்குள், நிலவுலகுக்கு இடர் இல்லை என்று கூறும் அளவுக்கு அவ்வாய்ப்புக் குறைந்தது. அரைகுறை அறிவு அச்சத்தை வளர்க்கும். முற்றிய அறிவு அதனைப் போக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

2004-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அபோபிஸ் என்னும் சிறுகோளும் முதலில் இவ்வாறே மக்களை அஞ்சுவித்தது. நூறு ஆண்டுகளுக்கு அதனால் தீங்கில்லை என்று 2021-ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. 2029-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அது நிலவுலகின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். செய்தித் தொடர்புக்கென நாம் வானில் நிறுத்தியுள்ள துணைக்கோள்கள் பல அதனினும் உயரத்தில் உள்ளன. உலகின் சில பகுதிகளில் அது வெறுங்கண்ணுக்கும் புலப்படும். முன்னோர் கண்டிருந்தால் தீக்குறி என்று நடுங்கியிருக்கக்கூடிய ஒன்றை, நாளும் நேரமும் முன்னறிந்து, கருவிகளோடு காத்திருந்து வரவேற்க அறிஞர் முற்பட்டுள்ளனர்.

துங்குசுகா நிகழ்ச்சியை நினைவுகூர, ஆண்டுதோறும் சூன் 30-ஆம் நாளை அனைத்துலகச் சிறுகோள் நாளாக ஐக்கிய நாடுகள் மன்றம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. விண்கல் நாட்டெல்லை பார்த்து விழுவதில்லை; ஆதலால், அதனைத் தடுக்கும் முயற்சியும் நாட்டெல்லைக்குள் அடங்குவதில்லை. ஒரு நாட்டார் கலம் செலுத்தினர். மற்றொரு நாட்டார் படம் பிடித்தனர். ஐரோப்பிய நாட்டார் ஆராயப் பின்தொடர்ந்தனர். பன்னாட்டார் தொலைநோக்கியால் அளந்தனர். டைனோசர்கள் வலிமையில் நம்மினும் பெரியவை. ஆயினும், வானத்தை அளந்து அறியும் அறிவு அவற்றிற்கு இல்லை. அவ்வறிவைப் பெற்ற நாம் 'வந்தபின் காப்போன்' ஆக இருத்தல் தகுமோ? செல்யாபின்சுக்கு நகர ஆசிரியை ஒரு வகுப்பிற்குச் செய்ததை இவ்வுலகிற்குச் செய்ய அறிஞர் முயல்கின்றனர். அப்பணி இன்னும் முடியவில்லை. தொலைநோக்கியின் முன் அமர்ந்து அதனைத் தொடர்ந்து செய்ய வேண்டியோர், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நீங்களே.