வலைக்கண் அரை அங்குலம்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் கோழி வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் தரைவீடு வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் அனுமதி கிடையாது. செஸ்ட்நட் அவென்யூ பக்கம் தரைவீட்டில் இருப்பவர், விற்பனைக்கு இல்லாமல் வீட்டுத் தேவைக்கு 10 கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதுவும் கண்டபடி மேயவிடாமல், காட்டுப் பறவை நுழைய முடியாத கூண்டுக்குள்.

1980களில் அடுக்குமாடிகள் எழும்புமுன் இது கம்பமும் பண்ணைகளுமாக இருந்த வட்டாரம். பகலெல்லாம் மேய்ந்த கோழி பொழுது சாய்ந்தால் தானே திரும்பும். நம் ஊர்க் கிராமம் என்றால் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. இங்கே இப்போது பஞ்சாரம் ஒரு ராத்திரி தாங்காது. செங்ஹுவா இயற்கைப் பூங்காவும் டெய்ரி ஃபார்ம் காடும் கூப்பிடு தூரம். மலைப்பாம்பு, மரநாய், உடும்பு எதுவும் வரலாம்.

கடையில் கோழிவலை கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். குட்டி மலைப்பாம்பு அந்தக் கண்ணில் நுழைந்துவிடும், எலியும் அப்படியே. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். விலை கூடுதல்தான், மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம். தோண்டி வரும் பிராணிக்காக வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்க வேண்டும். கூண்டு கட்டுகிறவர் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கை மறந்துவிடுவார், பாம்பு மறக்காது.

அதே வலைதான் தீவனம் தேடி வரும் மைனாவையும் சிட்டையும் தடுக்கிறது. காட்டுப் பறவை வழியாக நோய் தொற்றலாம். 2004-ல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் பரவியபோது சிங்கப்பூர் மலேசியக் கோழி இறக்குமதியை நிறுத்தியது. அந்தப் பயம் விதிகளில் இன்னும் இருக்கிறது.

அடுத்த எதிரி மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊரில் கூண்டுத் தரையில் பரப்பிய மரத்தூள் நனைந்தால் அமோனியா நெடி கிளம்பும். கோழிக்கு மூச்சுக் கோளாறு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம். தரையை உயர்த்தி, கூரையைத் தாராளமாக வெளியே நீட்டுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கத்தான் தெரியும். ஆகவே சுவரின் மேல்பாதியில் பலகை வேண்டாம், வலை போதும். காற்று குறுக்கே ஓடட்டும். குளிர்நாட்டு மரப்பெட்டிக் கூண்டை அழகாக இருக்கிறதென்று வாங்கி வைத்தால் கோழி உயிரோடு வெந்துபோகும்.

இரவில் உட்காரும் கம்பில் ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம். முட்டைப்பெட்டி அந்தக் கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமான இடத்தில்தான் கோழி தூங்கும்; பெட்டி மேலே இருந்தால் அதிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையைப் பாழாக்கும்.

சேவல் வேண்டாம். பெட்டை அது இல்லாமலே முட்டையிடும், அது கூவினால் அக்கம்பக்கத்தில் புகார் கிளம்பும். 2017-ல் சின் மிங் பகுதியில் கோழிச் சத்தம் பற்றிய புகார்களுக்குப் பிறகு 24 கோழிகள் கொல்லப்பட்டு, அது நாடு முழுக்கச் சர்ச்சையானது.

தண்ணீர்த் தட்டைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள். அதில் கொசுப்புழு இருந்தால் தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும்; கோழிக்காக வைத்தது என்ற சமாதானம் எடுபடாது.