இருவர் ஆடும் டோமினோ

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று பால்மரம் சீவ இயலாது. பட்டை நனைந்திருக்கையில் சீவினால் பால் மங்கில் சேராமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். பிரட்டுக் களத்திலிருந்து வெறுங்கையுடன் வீடு திரும்பியவருக்குப் பொழுது நகராது. அத்தகைய மழை நாள் ஒன்றில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் தந்தை ஒருவரும், பள்ளி விடுமுறையிலிருந்த ஆறாம் ஆண்டு மாணவியான அவர் மகளும் டோமினோ ஆடிக்கொண்டிருந்தனர். மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றிருந்த தந்தை, "எல்லாம் கட்டை வந்து சேருகிற அதிர்ஷ்டம், ஐயா" என்றார். மகளோ, "இல்லை ஐயா, அப்பா கையில் எது இல்லை என்று எனக்குத் தெரியும்" என்றாள்.

தெரிந்துதான் இருந்தது. எப்படித் தெரிந்தது என்பதைக் கூறுமுன், ஆட்டத்தின் விதிகளைக் காண்போம்.

டோமினோக் கட்டைகள் மொத்தம் 28. ஒவ்வொரு கட்டையும் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியிலும் வெறுமை முதல் 6 வரை புள்ளிகள் இடப்பட்டிருக்கும். நம் சீன நண்பர்கள் ஆடும் பழைய சீனக் கட்டைகள் 32. அவற்றில் வெறுமை கிடையாது. அது வேறு ஆட்டம்.

கட்டைகளைக் கவிழ்த்துக் கலக்கி, ஆளுக்கு 7 எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய 14 கட்டைகளும் கவிழ்ந்தபடியே ஒதுக்கி வைக்கப்படும். பெரிய இரட்டையை, அதாவது 6-6 அல்லது அதற்கு அடுத்ததை, வைத்திருப்பவர் அதையிட்டுத் தொடங்குவார். இருவரிடமும் இரட்டை இல்லையெனில் மிகுந்த புள்ளியுள்ள கட்டை முதலில் வரும். பிறகு மாறி மாறி, வரிசையின் இரு முனைகளில் ஒன்றிலுள்ள எண்ணுக்குப் பொருந்தும் கட்டையை இட வேண்டும். பொருந்துவது கையில் இல்லையெனில், கிடைக்கும்வரை ஒதுக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசி இரண்டு கட்டைகளைத் தொடலாகாது. அந்நிலை வந்தபின் இட முடியாதவர் தம் முறையை விட்டுவிடுவார்.

நால்வர் ஆளுக்கு 7 எடுத்து ஆடினால் 28 கட்டைகளும் கைகளுக்குப் போய்விடும். இருவர் ஆட்டத்திலோ பாதிக் கட்டைகள் மறைந்து கிடக்கின்றன. ஆகவே இது குருட்டு ஆட்டம் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. எதிராளி ஒதுக்கத்தை நோக்கிக் கை நீட்டும்போதெல்லாம் தம்மிடம் இல்லாததை வாய் திறவாமலே அறிவித்துவிடுகிறார்.

நாம் கண்ட ஆட்டம் இதுதான். மகள் 6-6 இட்டுத் தொடங்கினாள். தந்தை 6-5 இட்டார். மகள் 5-5, தந்தை 5-2. முனைகள் 6, 2 என நின்றன. மகள் 6 இருந்த பக்கத்தில் 6-4 சேர்த்தாள். முனைகள் 4, 2 ஆயின. தந்தையிடம் இரண்டுமே இல்லை. ஒன்று எடுத்தார், பொருந்தவில்லை. இரண்டாவதும் பொருந்தவில்லை. மூன்றாவதாக 2-1 வந்தது; அதை இட்டார். முனைகள் இப்போது 4, 1.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தந்தை கையில் முன்பே 4 இல்லை. எடுத்து வைத்துக்கொண்ட இரு கட்டைகளிலும் 4 இருந்திருந்தால் உடனே இட்டிருப்பார். மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது. ஆகவே அவர் கையிலுள்ள 7 கட்டைகளில் ஒன்றிலும் 4 இல்லை என்பது உறுதி. மகள் 1-4 எடுத்து 1இல் சேர்த்தாள். இரு முனைகளிலும் 4! தந்தை மீண்டும் ஒதுக்கத்தை நாடினார். மகள் கையில் மூன்றே கட்டைகள்.

இக்கணக்கு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு: இட முடிந்தவர் இட்டே ஆக வேண்டும், விரும்பியபோது எடுக்கலாம் என்று விட்டால் எடுப்பது எதையும் உணர்த்தாது. சிலர் அவ்வாறும் ஆடுகின்றனர். தொடங்குமுன் பேசி முடிவு செய்வது நலம். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எதிராளியை மேன்மேலும் எடுக்கச் செய்வது எப்போதும் ஆதாயமன்று. கை நிறைந்தவருக்குப் பின்னர் வழிகளும் மிகுதி. மறைந்துள்ள கட்டைகளைப் பற்றிய அறிவும் மிகுதி.

ஒவ்வோர் எண்ணும் 7 கட்டைகளில் மட்டுமே வரும். வரிசையில் நான்கும் உங்கள் கையில் இரண்டும் இருந்தால், வெளியே இருப்பது ஒன்றே. இரட்டைக் கட்டை ஒரே எண்ணுக்குத்தான் பொருந்தும் என்பதால் அதை விரைவில் கழித்துவிடுவது நல்லது.

கட்டைகளை முதலில் முடிப்பவருக்கு எதிராளியின் கையில் எஞ்சிய புள்ளிகள் சேரும். இருவரும் இட முடியாமல் ஆட்டம் அடைபட்டால், குறைந்த புள்ளி வைத்திருப்பவர் வென்றவர். வேறுபாடு அவர் கணக்கில் ஏறும். முதலில் 100 எட்டுபவருக்கே வெற்றி.

பணம் வைத்து ஆடலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. பொது இடத்தில் சூதாடுவது 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, சம்பள நாளன்று மாலையில் பணம் வைத்து ஆடிவிட்டு, கடைப் பற்றைத் தீர்க்க வழியின்றி நின்றவர்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அந்த வாசலில் புள்ளிக் கணக்கு பழைய பள்ளிப் பயிற்சி ஏட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. எழுதியவள் மகள், கூட்டிச் சரிபார்த்தவர் தந்தை.

கட்டைகள் வாங்க இயலாதோர் தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். பின்புறம் யாவும் ஒரே நிறமாக, கறையின்றி இருக்க வேண்டும். மூலை மடங்கிய அட்டையை அடுத்த ஆட்டத்தில் எவரும் அடையாளம் கண்டுகொள்வர். புள்ளிகளை இட்டபின் அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். 168 வர வேண்டும். வராவிடில் ஏதோ ஒரு கட்டை விடுபட்டிருக்கும், அல்லது இருமுறை எழுதப்பட்டிருக்கும்.