ஒளியும் நீரும்

வயிறு, குடல் முதலிய உள்ளுறுப்புக்களைக் கண்ணாற் காண மருத்துவர் செலுத்தும் நெகிழ்குழாய் எண்டொஸ்கோப் எனப்படும். அமெரிக்காவில் ஹிர்ஷோவிற்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1957 இல் கண்ணாடியிழையாலான குழாயை ஆக்கியளித்தபின் அது மருத்துவமனைகள்தோறும் பரவலாயிற்று. ஆயின், ஒருவர் உடலுட் சென்ற குழாயே அடுத்தவர் உடலுள்ளும் செல்லவேண்டியுளது. மிகுந்த வெப்பத்தை அது தாங்காதாதலின் கொதிநீராவியில் இடுதல் இயலாது. எனவே, கழுவித் தூய்மை செய்தல் நன்றோ, ஊதாக்கடந்த ஒளியாற் கிருமி கொல்லல் நன்றோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கழுவுதல் இரு தொழில்களை உடையது. குழாயிற் படிந்த சளி, குருதி முதலியவற்றை, அவை உலருமுன் சவர்க்கார நீராலும் நீண்ட தூரிகையாலும் அகற்றுதல் முதலாவது. குளூற்றரல்டிகைட்டு, பெரசற்றிக் அமிலம் போன்ற மருந்துநீரில் குறித்த நேரம் ஊறவைத்துப் பின் அலசி உலர்த்துதல் இரண்டாவது. முன்னது பிழைப்பின் பின்னதும் பயனின்றாம். எஞ்சிய அழுக்கே கிருமிகளுக்கு அரணாகிவிடும்.

ஞாயிற்றின் ஒளி கிருமிகளை அடக்கும் என்பதை டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1877 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 254 நானோமீற்றர் அலைநீளமுடைய ஒளி கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருகாவண்ணம் தடுக்கின்றது. நச்சுப்புகை இல்லை, காலமும் சுருங்கும். எனினும் ஒளி நேர்கோட்டிற் செல்வது. நிழலிற் பதுங்கிய கிருமியை அது தீண்டாது. மூன்று மில்லிமீற்றரளவே அகன்று, ஒரு மீற்றருக்கும் மேலாய் நீண்டு வளையும் உட்துளையினுள் வெளியே நிற்கும் விளக்கு யாது செய்யும்? ஆதலின் உட்துளையற்ற மூக்கு, தொண்டைக் குழாய்களுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும். அங்கும் முதலில் அழுக்கைத் துடைத்தல் வேண்டும்.

கழுவுதலும் குறையற்றதன்று. சிறுகுடற்றலையை நோக்கும் குழாயின் நுனியில் நுண்ணிய நெம்புகோல் ஒன்றுண்டு. அதன் இடுக்கைத் தூய்மை செய்தல் மிக அரிது. 2015 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இத்தகைய குழாய்வழியே நோயாளரைத் தொற்றியமை தெரியவந்தது. 2019 இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நுனிப்பகுதியுடைய குழாய்களுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது.

ஆகவே, ஒளி மருந்துநீருக்கு ஓரோவிடத்து மாற்றாகலாம். தூரிகை பிடித்த கைக்கு ஒருபோதும் மாற்றாகாது. மருத்துவத்துறை புகும் நம் மாணவர், எவரும் காணாத அத்தொழிலிலேயே அடுத்த நோயாளியின் உயிர் தங்கியுள்ளதென்பதை மனங்கொள்வாராக.