நாயின் முகமும் நமது கமராவும்

எங்கள் வீட்டுப் பழைய அல்பத்தில் வீரனின் படம் ஒன்றே ஒன்று உண்டு. பதினொரு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த நாய் அது. நடுப்பகல் வெயிலில், முற்றத்து மாமரத்தின் ஓரமாக, என் தமையனார் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருக்க, உறவினர் ஒருவர் எடுத்த படம். வீரன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருக்கிறது. காதுகள் பின்னே படிந்திருக்கின்றன. நாக்கு மூக்கின் நுனியை நக்குகிறது. கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிகிறது. இப்படத்தைப் பார்க்கும் இன்றைய பிள்ளைகள் யாவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது கடிக்கிற நாயோ?"

தன் வாழ்நாளில் எவர் மீதும் பல் பதிக்காத பிராணி அது. அதனை அறிந்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நாளை எஞ்சப்போவது அந்தப் படம் மாத்திரமே.

கமரா கண்டதைத்தானே காட்டும் என்று சிலர் சொல்லலாம். மெய்தான், அந்தக் கணத்தில் வீரன் அஞ்சியே இருந்தது. முகத்தைத் திருப்புதல், மூக்கை நக்குதல், தூக்கமில்லாத வேளையிற் கொட்டாவி விடுதல் ஆகியவற்றை நாய்களின் நடத்தையை ஆராய்வோர் மனக்கலக்கத்தின் குறிகளாகவே கொள்வர். கழுத்தைச் சுற்றிக் கை போடுவது நமக்கு அன்பு. நாய்க்கு அது அசைய விடாத கட்டு. அன்றியும், கண்கொட்டாது நேர்நோக்குவது நாய்களுக்கிடையே பெரும்பாலும் ஒரு மிரட்டல். கமராவின் வில்லையோ இமையே இல்லாத பெரிய கண். அக்கண்ணை முகத்துக்கு எதிரே நீட்டிவிட்டு, "இங்கே பார், இங்கே பார்" என்று நாம் கூவுகிறோம். அது பாராமல் திரும்பும்போது பிடிவாதம் பிடிக்கிறது என்று கோபமும் கொள்கிறோம்.

நாயின் முகத்தை ஊன்றிப் பார்த்த பெரியோருள் சார்ள்ஸ் டார்வின் ஒருவர். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளியிடும் வகையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1872ஆம் ஆண்டு வெளிவந்தது. தாம் முன்னர் வளர்த்த பெரிய நாய் ஒன்றைப் பற்றி அதிலே கூறுகிறார். அவர் உலாவப் புறப்பட்டால் நாயும் தலையை நிமிர்த்தி, வாலை உயர்த்தி, மிடுக்கோடு முன்னே நடக்கும். வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் வலப்புறமாக ஒரு பாதை பிரிந்து, அவர் தம் பரிசோதனைச் செடிகளை வளர்த்த கண்ணாடிச் செடிவீட்டுக்குச் செல்லும். டார்வினின் உடல் அப்பக்கம் சிறிது திரும்பினாற் போதும். உலா நின்றுவிட்டதோ என்ற ஏக்கத்தில் நாயின் தலை தொங்கும், காதும் வாலும் தாழும், உடல் முழுவதும் தளர்ந்துவிடும். அந்த முகத்துக்கு வீட்டார் ஒரு பெயரே சூட்டியிருந்தனர்: 'செடிவீட்டு முகம்.'

அந்த நூலில் மனித முகங்களுக்கு ஒளிப்படங்கள் உண்டு. நாய்களுக்கோ ஓவியரின் சித்திரங்களே உள்ளன. அதில் வியப்பில்லை. அக்காலத்து ஒளிப்படத் தட்டை ஈரம் உலருமுன் பயன்படுத்தவேண்டும். வீட்டினுள்ளே ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாதிருக்கவேண்டும். கண நேரத்தில் மாறும் நாயின் முகத்தை அதிற் பிடிப்பது எங்ஙனம்? கலிபோர்னியாவில் மைபிரிட்ச் ஓடும் குதிரையை அடுத்தடுத்த படங்களாகப் பிடித்ததே 1878இல்தான். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி ஒரு நொடிக்குள் பத்துப் படங்களைத் தொடர்ந்து எடுக்கும். ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் எடுப்பது செடிவீட்டு முகத்தையன்று, பிஸ்கட் முகத்தை. கையிலே பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்தால் எந்த நாயும் அந்த முகத்தைக் காட்டும். அதை எடுக்க அந்த வீட்டார்தான் வேண்டுமென்பதில்லை, வழிப்போக்கனும் எடுத்துவிடுவான்.

இப்பொழுது எங்கள் வீட்டிலிருப்பது கறுப்பன். பெயருக்கேற்ற நிறம். அதனைப் படம்பிடிக்கத் தொடங்கிய காலத்தில் எனக்குக் கிடைத்தவை, வெளிச்சம் நிறைந்த ஒரு முற்றமும் அதன் நடுவே நாய் வடிவில் ஓர் இருட்டுமே. கறுப்பு நாய் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த துயரம் இது. விறாந்தையில் நாய் கிடக்கிறது. பின்னால் வெயில் கொளுத்தும் முற்றம். நாம் உள்ளேயிருந்து எடுக்கிறோம். கமரா முற்றத்தின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, நாய் நிழலாகிவிடுகிறது. பரிகாரம் மிக எளிது. நாம் முற்றத்துப் பக்கம் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்துகொள்ள வேண்டும். முற்றத்திலிருந்து தெறித்துவரும் மென்மையான ஒளி அப்போது நாயின் முகத்திலே படியும். எங்கள் நாட்டு வீடுகளின் விறாந்தையைக் காட்டிலும் நல்ல படப்பிடிப்பு நிலையம் வேறில்லை என்பது என் துணிபு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கறுப்பு நாய் படச்சட்டம் முழுவதையும் நிரப்பி நின்றால், கமராவின் ஒளியளவி தன் முன்னுள்ளதை நடுத்தரமான சாம்பல் நிறமென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பன் வெளிறிய சாம்பல் நாயாகிவிடும். அப்போது வெளிச்சத்தை நாமே ஒரு படி குறைக்கவேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் நாயின் முகத்தைத் தொட்டுவிட்டுப் பிரகாசத்தைச் சற்று இறக்கினாற் போதும். ஒளி யன்னலிலிருந்து பக்கவாட்டில் வந்தால் உரோமத்தின் மினுக்கம் தோன்றும். கறுப்பின்மேல் வடிவத்தை வரைவது அந்த மினுக்கமே. யன்னலைவிட்டு நாலடி உள்ளே சென்றால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நம் கண் பழகிக்கொள்வதால் நாம் அதை உணர்வதில்லை. கமரா உணர்ந்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. வாலும் தலையும் புகையாகிப் போகின்றன. உறங்கும் நாய்க்கு ஒரு நொடியின் 60இல் ஒரு பங்கு போதும். நடக்கும் நாய்க்கு 250இல் ஒரு பங்கேனும், உடலை உதறும் நாய்க்கு 500இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ வேண்டும். இருளுக்குப் பிளாஷ் விளக்கு மருந்தாகாது. நாயின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்றிருப்பதால் கண் பச்சையாய்ப் பேய்க்கண் போல எரியும். நாயும் வெருண்டு, அடுத்த முறை கமராவைக் கண்டதுமே எழுந்து போய்விடும்.

இவை யாவும் ஒரு கிழமையிற் கற்றுக்கொள்ளத்தக்கவை. எனக்கு நெடுநாள் பிடித்தது நிலத்திற் படுக்கப் பழகுவதுதான்.

நாம் நாயை எப்பொழுதும் மேலிருந்தே பார்க்கிறோம். ஆகவே நமது படங்களில் பெரிய தலையும் சிறிய கால்களும், அண்ணாந்து இரக்கும் கண்களும் இருக்கின்றன. எலியட் எர்விட் என்ற ஒளிப்படக் கலைஞர் 1946ஆம் ஆண்டு நியூயோர்க்கில் எடுத்த படமொன்று புகழ்பெற்றது. கம்பளிச் சட்டை அணிந்த சின்னஞ்சிறு நாயொன்று. பக்கத்தில் ஒரு பெண்ணின் பாதங்கள் மட்டும். கமரா நிலத்தோடு நிலமாக இருப்பதால், அங்கே நாயே முழு ஆள். மனிதப் பிறவி வெறும் காலணி. 2023இல் மறைந்த எர்விட் தம் நீண்ட வாழ்நாள் முழுதும் நாய்களைப் படம்பிடித்தவர். அவற்றின் கவனத்தை ஈர்க்கத் தாமே குரைத்துக் காட்டுவாராம். தெருவிற் கண்ட பிறர் நாய்க்கு அது பொருந்தும். வீட்டு நாய்க்கு வேண்டியது அதுவன்று. நாம் அங்கிருப்பதை அது மறந்துபோதல்.

அதற்காக நான் மாலைவேளைகளில் விறாந்தைத் தரையிற் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தேன். முதல் மூன்று நாட்களும் கறுப்பன் என் முகத்தை நக்கி, நோய் ஏதேனுமோ என்று சோதித்தது. பின்னர் அலுத்துப்போய்த் தன் வேலைக்குப் போயிற்று. கைத்தொலைபேசியின் ஓசையை நிறுத்திவிட்டேன். பெயர் சொல்லி அழைப்பதையும் விட்டேன். முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பூசணிக்காயாய்ப் பெருப்பதைக் கண்டு, ஓரிரு பாகம் தள்ளியிருந்து, தூரத்தை அருகாக்கும் வில்லையைப் பயன்படுத்தினேன். கண் தெளிவாயிருந்தாற் போதும், மற்றவை மங்கினாலும் குற்றமில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கறுப்பனின் வெவ்வேறு முகம் தெரியும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். குசினியில் தேங்காய் துருவும் ஓசை கேட்டதும் வாசற்படியில் முன்னங்கால்களை மாத்திரம் உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும் முகம் மனைவியுடையது. காலையிற் பத்திரிகை விரிக்கும்போது அதன் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும் முகம் என் தந்தையாருடையது. இடி முழங்கும்போது கட்டிலின் அடியில் ஒடுங்கும் முகமும் உண்டு; அதனை ஒருமுறை எடுத்தேன், பின்னர் அழித்துவிட்டேன். அஞ்சி ஒளித்தவனைத் தேடிப்போய்ப் படமெடுப்பது நட்பாகாது. அவ்வேளையிற் கமராவை வைத்துவிட்டு அருகில் இருந்துகொள்வதே முறை.

என் மகளுக்குரியது படலை முகம். படலையின் கொழுக்கி கிணுங்கியதும் இரு காதுகளும் நிமிரும்; உடல் எழும்; வால் ஒருமுறை அசையும். வந்தவர் அவளல்லர், தபாற்காரர் என்று தெரிந்த மறுகணம் அத்தனையும் இறங்கிவிடும். டார்வின் வீட்டார் பெயரிட்டு வைத்தது இதுபோன்றதொரு வீழ்ச்சியைத்தான். இதைப் பிடிக்க எனக்கு எட்டு மாதங்கள் சென்றன. நிமிர்ந்த காதுகள் பல தடவை அகப்பட்டன. அவை தாழும் கணம் மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. தொடர்படங்களாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எஞ்சியவற்றை நீக்கி, கடைசியில் மூன்று படங்களை வைத்துக்கொண்டேன்.

கறுப்பனுக்கு இப்போது பதின்மூன்று வயது. மோவாய் நரைத்துவிட்டது, கண்மணிகளில் நீலம் கலந்த மங்கல் படர்ந்திருக்கிறது. சென்ற மாரியிலிருந்து செவியும் மந்தம். நான் அருகிற் போய்ப் படுத்தாலும் அதற்குத் தெரிவதில்லை. ஆதலால் படங்கள் முன்னையிலும் இயல்பாக அமைகின்றன. படலையின் கொழுக்கி கிணுங்குகிறது, கறுப்பன் உறங்குகிறது. மகள் விறாந்தைக்கு ஏறி வந்து, தலையிற் கை வைத்த பின்னரே விழிக்கிறது.

அந்தப் பழைய மூன்று படங்களையும் அச்சிட்டு, அல்பத்தில் வீரனின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் இடக்காதின் நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.